உடம்புக் கட்டு

எனக்கு என்றைக்குமே பாம்பு பிடிக்காது, ஐயா. எங்கள் தோட்டத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இருபது வருடமாகப் பாம்புக்கு மந்திரிக்கிறவன் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? தொட்டால் ஈரமாக, வழவழவென்று இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஈரமே இருக்காது. துடைத்து வைத்த பீங்கான் தட்டு மாதிரி இருக்கும். அதுதான் எனக்கு அருவருப்பு. வேலை முடிந்ததும் சாம்பல் போட்டு இரண்டு தடவை கை கழுவுவேன்.

நீங்கள் இல்லேயுஸ் நகரத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி. உடம்புக் கட்டு என்றால் என்ன, முதலிலிருந்து சொல் என்கிறீர்கள். இன்று காலை எனக்கு அவரைப் பருப்பும் மரவள்ளி மாவும் கொண்டுவந்து கொடுத்த காவலர் பெலிசார்யோவைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். அவருக்கும் நான்தான் கட்டியிருக்கிறேன். வெளியே சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கும். என்னிடம் மட்டும் சட்டைக்குள்ளிருந்த சிவப்புக் கயிற்றை எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்.

கோக்கோத் தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்குப் பாதி வேலை இலைக்குள்தான். பெரிய மரங்களின் நிழலில் கோக்கோ நிற்கிறது. உதிர்ந்த இலை கணுக்கால் வரை கிடக்கும். நீண்ட கம்புக் கத்தியால் காயை அறுத்தால் அது இலைக்குள்தான் விழும். எடுக்கக் கையை உள்ளே விட வேண்டும். பயந்தவன் கை உள்ளே போகாது. அதனால் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலாளியே என்னிடம் அனுப்பிவிடுவார். "ஒனொராத்துகிட்ட போய் உடம்பக் கட்டிக்கிட்டு வா, அப்புறம் கத்தியத் தொடு" என்பார். என்னால் அந்தத் தோட்டத்துக்கு நஷ்டம் எதுவும் வந்ததில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தவக்காலம் முழுவதும் இறைச்சி கூடாது, மனைவியிடம் போகக் கூடாது. பெரிய வெள்ளி விடிந்ததும் வெறும் வயிற்றில் வர வேண்டும். வேர் ஊறிய கரும்புச் சாராயம் ஒரு மடக்கு கொடுப்பேன். பாம்புக்கடியிலிருந்து காக்கிற புனித ஆசீர்வாதப்பரிடம் மன்றாடிவிட்டுக் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டுவேன். கடைசியில் பெட்டியைத் திறந்து பவளப்பாம்பை அவன் கையில் கொடுப்பேன். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று வளையம் வளையமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒன்றும் ஆகாமல் திரும்பிப் போனான் என்றால் உடம்பு கட்டியாயிற்று. ஒரு வருடத்துக்குத் தாங்கும். நடுவில் வேலைக்கு வருகிறவனுக்கு அடுத்த பெரிய வெள்ளி வரைக்கும் கயிறு மட்டும் கட்டிவிடுவேன்.

பவளப்பாம்பு வாலால் கொட்டும் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். சீண்டினால் அது தலையை உடம்புக்கு அடியில் புதைத்துக்கொண்டு, வாலைச் சுருட்டித் தூக்கி ஆட்டும். பார்க்கிறவனுக்கு ஆபத்து அந்த முனையில்தான் என்று தோன்றும். அதனால் என்னிடம் வருகிறவர்கள் வாலை இரண்டு விரலால் இறுக்கி அடைத்துப் பிடிப்பார்கள். தலையைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். சில சமயம் அது கடிக்கவும் செய்யும். எலுமிச்சை முள் கீறினது போலத் துளி ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்துப் பெண்கள் அலறுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். அடுத்த வருடம் அவனுடைய தம்பிகளும் வருவார்கள்.

மந்திரம் என் மாமனாருடையது. சாகிற சமயத்தில் அதோடு இன்னொன்றும் சொன்னார். "கண்ணு கடுகு மாதிரி இருக்கும், வளையம் அடிவயித்தையும் சுத்தி வரும், அந்தப் பவளத்த மட்டும் தொடாத. அதுக்கு மந்திரத்துல இஷ்டமில்ல." நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அடிவயிறு வெளுத்த பாம்பாகப் பார்த்துப் பிடித்துவந்தேன். மற்றதைக் கண்டால் சிலுவை போட்டுவிட்டு விலகிப் போனேன். இரண்டும் ஒரே ஜாதி, ஒன்று சாது, ஒன்று முரடு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

போன மழைக்காலத்தில் டாக்டர் நொயெமியா வந்தார். உங்களிடம் புகார் கொடுத்தது அவர்தான் என்று தெரியும். எனக்கு அவர் மேல் கோபமில்லை. தெற்கே ஏதோ ஆராய்ச்சி நிலையத்துக்காகப் பாம்பு சேகரிக்க வந்த பெண்மணி. விஷத்தைக் கறந்து, அதிலிருந்தே விஷமுறிவு மருந்து செய்வார்களாம். கால்சட்டை போட்டுக்கொண்டு இலைக்குள் மண்டியிட்டுக் கிளறுவார். ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அவர்களில் ஜெனேசியோவும் இருந்தான். யாரைப் பற்றி விசாரிக்கிறீர்களோ அவன்தான். அவன் மகள் சிலெனிக்கு நான் ஞானத்தகப்பன். அந்த முறையில் நாங்கள் ஒருவரையொருவர் கும்பாதிரி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"டாக்டரம்மா, பொம்பள பாம்பு புடிச்சா மழ நின்னுருமாமே?"

"நிக்கட்டுமே. எம் பூட்ஸாவது காயும்."

"எங்க ஒனொராத்து கும்பாதிரியக் கேளுங்க. அவரு பாம்பக் கூப்பிட்டா அது தலைய சீவிக்கிட்டு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் என் பாம்புகளைப் பார்க்க வீட்டுக்கே வந்தார்.

பெட்டியிலிருந்த பாம்பைச் சாதாரணமாகக் கையில் எடுத்துக் கழுத்தில் ஏறவிட்டுக்கொண்டார். "நல்லா வெச்சிருக்கீங்க. இது பொய்ப் பவளம். பாவம், இதால மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாது, கொழந்த கையிலகூடக் குடுக்கலாம்" என்றார். யாரும் கேட்கும்படி சொல்லவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார். என்னை அவமானப்படுத்த நினைக்கவே இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் தான் பிடித்திருந்த நிஜப் பவளத்தைக் காட்டக் கூப்பிட்டார். என்னிடம் வாங்கிய பொய்ப் பவளம் ஒன்றை அதன் பெட்டியில் விட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே ஒரு கணம் எது எது என்று தெரியவில்லை. நிஜம் அவசரப்படவில்லை. நாக்கை நீட்டி நீட்டி மற்றதன் உடம்பு நெடுக முகர்ந்துகொண்டு போய், கழுத்துக்குப் பக்கத்தில் கவ்விற்று. விடவே இல்லை. மெல்லுவது போலத் தாடையை அசைத்துக்கொண்டே இருந்தது. என் பாம்பு சற்று நேரம் முறுக்கிவிட்டு அடங்கிப் போயிற்று. பிறகு நிஜம் அதைத் தலைப்பக்கமிருந்து விழுங்க ஆரம்பித்தது. கடைசியில் வால் நுனி மட்டும் வாயோரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் போயிற்று.

"பாம்பத் தின்னுற பாம்பு இது" என்றார் டாக்டர். "மண்ணுக்குள்ள, இலைக்குள்ள ஒளிஞ்சு வாழும். முட்டையும் அங்கதான் போடும். கூச்ச சுபாவம். துரத்திட்டு வராது, பாஞ்சு கடிக்காது. புடிச்சு அழுத்தினாத்தான் கடிக்கும். அதுவும் வாயால, வாலால இல்ல. கடிச்சா பெருசா வலிக்காது, வீங்காது. அதனாலதான் ஜனங்க ஏமாந்துபோறாங்க. அப்புறம் கண்ணிமை இறங்க ஆரம்பிக்கும். இறங்கிச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டு வந்துருங்க. இதுக்குன்னே தனி மருந்து, குளிர்ப்பெட்டியில வெச்சிருக்கேன். நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க. வால் விஷயத்த எடுத்துச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. என்னவென்று சொல்வது, ஐயா? இருபது வருடமாக, குழந்தை கையில் கொடுக்கக்கூடிய பாம்புக்கு எதிராக உங்கள் உடம்பைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்றா?

அந்த மழைக்காலம் முழுவதும் தெருவில் யாராவது "நல்லாருக்கீங்களா ஐயா" என்று தொப்பியைக் கழற்றினால் உடம்பு கூசிற்று. ஆனால் நன்றாக யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. டாக்டர் காட்டியது என் பாம்பு பொய் என்பதைத்தான். என் மந்திரம் பொய் என்று அவர் காட்டவில்லை. நிஜப் பாம்புக்கு முன்னால் என் மந்திரம் ஒருநாளும் நின்றதே இல்லை. நின்றிருந்தால் ஜெயித்திருக்கலாம். ஜெயிக்காது என்று சொல்ல யாரிடம் என்ன அத்தாட்சி இருந்தது? தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள நினைப்பது தப்பில்லையே. டாக்டர் பெட்டிக்குள் செய்ததும் அதுதான்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நான் கவனமாக இருந்தேன். குடிகாரன் கூடாது. புதிதாக வந்தவன் கூடாது, அவன் பாதி நம்புவான், பாதி நம்ப மாட்டான். அப்படிப்பட்டவனை வைத்துப் பார்ப்பது மந்திரத்துக்குச் செய்கிற அநியாயம். முழு நம்பிக்கை உள்ளவன் வேண்டும். ஜெனேசியோ வருடம் தவறாமல் கட்டிக்கொள்கிறவன். ஒருமுறை அவன் பாதத்தின் மேலேயே ஏதோ பாம்பு ஏறிப் போயிற்றாம். "எங் கும்பாதிரி கட்டின உடம்பு, போய்க்கோ" என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றானாம். இதைச் சாராயக்கடையில், கோக்கோ உலர்த்தும் தளத்தில், கோயில் வாசலில் என்று எல்லா இடத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எனக்கு அவனைப் போல வேண்டியவர் வேறு யாருமில்லை. அவனைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேண்டாதவனைத் தேர்ந்தெடுத்திருந்தால் நீங்கள் இதைக் கொலை என்று சொல்லலாம்.

தவக்காலத்தில் ஒரு மழைக்குப் பிறகு, காய் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், இலைக்கு அடியில் அது கிடைத்தது. கவட்டைக் குச்சியால் தள்ளித் தகர டப்பாவில் விட்டேன். கையால் தொடவில்லை. அடிவயிற்றைச் சுற்றியும் வளையம் வந்தது. கண் கடுகளவுதான்.

பெரிய வெள்ளியன்று முதலில் மற்றவர்களை முடித்தேன். அவர்களுக்கு வழக்கமான பாம்புதான். ஜெனேசியோவைக் கடைசியாக நிறுத்தினேன். அவன் மனைவி லவுரிந்தா சிலெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மன்றாட்டு எதையும் நான் விடவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் திருத்தமாகச் சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக நான் செபித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவனும் கண் கலங்கினான்.

டப்பாவை அவன் கையில் சாய்த்தேன். அவன் வாலை இரண்டு விரலால் இறுக்கி அடைத்தான்.

"என்ன கும்பாதிரி, இந்த வருசம் பாம்பு புதுச் சட்ட போட்டிருக்கா? செவப்பு நல்லா ஏறியிருக்கே."

"பெரிய வெள்ளியில வாயாடாத" என்றேன்.

பாம்பின் தலை அவன் உள்ளங்கையில் அலைந்தது. எதையோ தேடுவது போல விரலுக்கு விரல் போயிற்று. பிறகு கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள சவ்வைக் கவ்விற்று. விடவில்லை. மென்றது.

"முத்தம் குடுக்குது, பாருடி" என்று லவுரிந்தாவிடம் காட்டினான். நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் குச்சியால் நெம்பி அதை டப்பாவில் போட்டேன். கையில் ரத்தம்கூடச் சரியாக வரவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போனோம். தேங்காய்ப் பாலில் மீன் வைத்திருந்தாள். நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்து அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது என்றான், அவ்வளவுதான். வெயில் ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் யாரையோ கிண்டல் செய்து சத்தம் போட்டுப் பேசினான். அந்தக் காலையில் நான் இருந்த சந்தோஷத்தில் என் வாழ்க்கையில் வேறு எந்த நாளும் இருந்ததில்லை, ஐயா. என் கல்யாணத்தன்றுகூட இல்லை. அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பிறகு அவன் சிலெனியைப் பார்த்துவிட்டுத் தலையை உதறினான். "லவுரிந்தா, எனக்கு ரெண்டு சிலெனி தெரியுறா. ஒருத்தியையே சமாளிக்க முடியலயே நமக்கு" என்றான். அவள் சிரித்தாள். அவன் இடது இமை பாதி இறங்கியிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன்.

மீன் தொண்டையில் இறங்காமல் வாயோரம் வழிந்தது. குரல் மூக்கால் வந்தது. லவுரிந்தாவுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

"கும்பாதிரி, கோவேறு கழுதையப் பூட்டட்டுமா? ஆத்தத் தாண்டுனா அந்த டாக்டரம்மா மருந்து வெச்சிருக்குதாமே."

"கடிபட்டவன் ஓடுற தண்ணியத் தாண்டினா கட்டு அறுந்துரும். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போய்க் கழுதையை அவிழ்த்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "கொஞ்சம் பாருங்க கும்பாதிரி, அவருக்கு மூச்சு ஒரு மாதிரி வருது" என்றாள். விஷம் இறங்கும்போது மூச்சு அப்படித்தான் வரும் என்றேன். ஜெனேசியோவும் கையை ஆட்டினான். நாக்குத் தடித்த குரலில், "கும்பாதிரி பக்கத்துல இருக்காருடி, கழுதைய எதுக்கு..." என்றான். அவன் சொன்னதில் எனக்குக் கடைசியாகப் புரிந்தது அதுதான். அவள் கழுதையைக் கொண்டுபோய்க் கட்டினாள்.

மருந்து போட்டுவிட்டால் என்ன தெரியும்? அவன் பிழைத்திருப்பான், உண்மை. ஆனால் பிழைத்தது மந்திரத்தாலா, மருந்தாலா என்பது கடைசிவரைக்கும் தெரியாமல் போயிருக்கும். அதுவரை வந்துவிட்டுக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. மன்றாட்டை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கையை என் கையில்தான் வைத்திருந்தேன்.

சாயங்காலம் இரண்டு இமையும் மூடிக்கொண்டன. தூங்கிவிட்டான் என்று லவுரிந்தா நினைத்தாள். நான் விரலால் ஒரு இமையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கண் விழித்திருந்தது. மெதுவாக நகர்ந்து என் முகத்தில் வந்து நின்றது. அவனுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது, எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணில் பயம் இருந்திருந்தால் நான் எழுந்து போய்க் கழுதையைப் பூட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். பயம் இல்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியம்தான் இருந்தது. இமையை விட்டுவிட்டேன். இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கண் வந்துவிடுகிறது. இருட்டுகிற நேரத்தில் மூச்சு நின்றது.

லவுரிந்தா அழுது ஓய்ந்தபின் நான் கேட்டேன்: தவக்காலத்தில் விரதம் ஏதாவது முறிந்ததா? அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு நாள்... மழை பேஞ்ச அன்னிக்கு... நாந்தான் அவரக் கூப்பிட்டேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக அவள் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறாள் என்றும், குழந்தையைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாள் என்றும் நீங்கள் சொல்கிறீர்கள். நான் போய் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். கூட்டிப் போனால் சொல்கிறேன். ஆனால் அவள் விரதத்தை முறித்தது பொய்யில்லையே. அது முறிந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, டாக்டராலும் சொல்ல முடியாது.

மறுநாள் டாக்டர் வந்து பாம்பைக் கேட்டார். டப்பாவைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து, குச்சியால் பாம்பைப் புரட்டி அடிவயிற்றைப் பார்த்தார். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார்.

எழுதிக்கொள்ளுங்கள். நிஜப் பவளம் என்று தெரிந்துதான் அவன் கையில் கொடுத்தேன். வாலை அடைத்தால் போதும் என்று அவன் நம்பியது தெரிந்துதான் கொடுத்தேன். இமை இறங்கியதன் அர்த்தம் தெரிந்தும், மருந்து இருக்கிற இடம் தெரிந்தும் ஆற்றைத் தாண்ட விடவில்லை. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. கையெழுத்துப் போட வராது, விரல் வைக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. மந்திரத்தைச் சோதிப்பதென்றால் அந்தப் பாம்பை உன் கையிலேயே பிடித்துப் பார்த்திருக்கலாமே என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நானும் அதை யோசிக்காமல் இல்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அது முறையான சோதனையாக இருந்திருக்காது, ஐயா. நம்புகிறவன் உடம்பில்தான் கட்டு நிற்கும். அந்தத் தோட்டத்தில் அதை நம்பாதவன் நான் ஒருத்தன்தான்.